கையால் ஓட்டினால் ஓடுகிறது

"கையால ஓட்டினா நல்லா ஓடுது சார், கிரான்ல போட்டாத்தான் ஓட மாட்டேங்குது." கிரான் என்பது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல். சர்வர் பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு மாதம் கழிவது கஷ்டம். புதிதாகச் சேர்ந்தவர்களும் சொல்வார்கள், நல்ல அனுபவமுள்ள டெவலப்பர்களும் சொல்வார்கள். சொல்லும்போது குரலில் கிரான் மேல் ஒரு சந்தேகம் இருக்கும். நான் பார்த்தவரை கிரான் தப்பு செய்தது மிக அரிது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே அது இருந்தது. இன்று பல லினக்ஸ் சர்வர்களில் ஓடுவது, பால் விக்ஸி 1987-இல் எழுதிய கிரானின் வழி வந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, கிரான்டேப் என்ற அட்டவணையைப் பார்த்து, நேரம் பொருந்தினால் கட்டளையை, அதை ஓட்டும் நிரலான ஷெல்லிடம் கொடுத்துவிடும். அதன் வேலை அவ்வளவுதான்.

சிக்கல் அந்த வாக்கியத்தின் முதல் பாதியில் இருக்கிறது. நாம் லாகின் செய்ததும் நம் அமைப்புகளை எழுதிவைத்த ப்ரொஃபைல் கோப்பு ஓடுகிறது, பாஷ்ஆர்சி ஓடுகிறது, கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியலான பாத் நீள்கிறது. ஜாவா ஹோம், மொழி அமைப்பு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வைத்திருக்கும் மாறி எல்லாம் வந்து சேர்கின்றன. மற்ற சர்வர்களுக்குள் நுழைய உதவும் நம் சாவியை எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் நினைவில் வைத்திருக்கிறது. போதாததற்கு, கட்டளைகளை எழுதிவைத்த கோப்பான ஸ்கிரிப்ட் இருக்கும் டைரக்டரிக்குள் போய் நின்றுகொண்டுதான் அதை ஓட்டுகிறோம். கிரானிடம் இதில் எதுவும் இல்லை. அது ஹோம் டைரக்டரியில் நின்று, டெபியன் வகை சர்வர் என்றால் பாத்தில் இரண்டே டைரக்டரிகளை வைத்துக்கொண்டு, நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பாஷ் அல்லாத ஓர் எளிய ஷெல் வழியாக அதே ஸ்கிரிப்டை ஓட்டுகிறது.

அதனால் யாராவது அப்படி வந்து நின்றால், ஸ்கிரிப்டைத் திறக்கச் சொல்வதில்லை. கிரான்டேபில் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: ஒவ்வொரு நிமிடமும் ஓடும்படி ஐந்து நட்சத்திரம் போட்டு, இருக்கும் மாறிகளையெல்லாம் காட்டும் என்வ் கட்டளையை ஓட்டி, வருவதை ஒரு கோப்பில் எழுது. ஒரு நிமிடம் பொறு. அப்புறம் உன் டெர்மினலிலும் அதே என்வ் ஓட்டி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை டிஃப் போட்டுப் பார். ஒரு பக்கம் சில வரிகள்தான் இருக்கும், மறுபக்கம் திரை நிறைய ஓடும். அதைப் பார்த்த பிறகு நான் விளக்குவதற்கு அதிகம் இருக்காது. அந்தச் சில வரிகளை மட்டும் வைத்து, மற்றதையெல்லாம் துடைத்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டவும் என்வ் கட்டளையிலேயே வழி இருக்கிறது. இரவு இரண்டு மணி ஜாபின் பிழையைப் பகலிலேயே, கண் முன்னால், வேண்டிய தடவை வரவழைக்கலாம். இதைக் கற்றுக்கொண்டவர்கள் ஒன்றை மாற்றிவிட்டு மறுநாள் காலை வரை காத்திருக்கும் பழக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்ணான எக்ஸிட் கோடைப் பார்க்கும் பழக்கமும் நேரத்தை மிச்சப்படுத்தும். 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை, அநேகமாக பாத். 126 என்றால் கோப்பு இருக்கிறது, ஓட்ட முடியவில்லை, பெரும்பாலும் அனுமதி இல்லை. 137 என்பது 128-உம் 9-உம் சேர்ந்தது. ஒன்பதாம் சிக்னல் வந்து கொன்றிருக்கிறது. மெமரி தீர்ந்துபோய் கெர்னல் கொன்றதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பாஷுக்குத் தெரிந்த இரட்டைச் சதுர அடைப்பு, அதாவது [[, கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் அது ஷெல் மாறியதன் அடையாளம். உபுண்டு 2006-இல் 6.10 பதிப்பிலும், டெபியன் 2011-இல் ஆறாம் பதிப்பிலும் வழக்கமான 'எஸ்ஹெச்' ஷெல்லை பாஷிலிருந்து டேஷ் என்ற எளிய ஷெல்லுக்கு மாற்றிவிட்டன. எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியில் எஸ்ஹெச் என்று போட்டுவிட்டு உள்ளே பாஷ் எழுதியவர்களின் ஸ்கிரிப்டுகள், எஸ்ஹெச் பாஷாகவே இருக்கும் ரெட்ஹேட் வகை சர்வரில் வருடக்கணக்கில் ஓடிவிட்டு, உபுண்டுவுக்கு இடம் மாறிய அன்று நின்றுவிடும். விண்டோஸில் திருத்திக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட் இன்னொரு வகை. கோப்பு கண் முன்னால் இருக்கும்போதே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று சொல்லும். இல்லாதது ஸ்கிரிப்ட் அல்ல. முதல் வரியின் முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாத விண்டோஸ் வரிமுடிவுக் குறியான கேரேஜ் ரிட்டர்னோடு சேர்த்துத் தேடப்படும் ஷெல்தான் இல்லை.

கிரான்டேபுக்கே உரிய விதிகள் சில உண்டு. சதவீதக் குறி அதில் முக்கியமானது. பேக்கப் கோப்பின் பெயரில் தேதி வரவேண்டும் என்று, தேதியின் வடிவத்தை % குறிகளால் சொல்லும் டேட் கட்டளையைக் கிரான்டேப் வரியிலேயே எழுதுவார்கள். கிரான் % குறியைப் புதிய வரியாக எடுத்துக்கொள்ளும். முதல் % வரைக்கும்தான் கட்டளை, அதற்குப் பின்னால் உள்ளது அந்தக் கட்டளையின் உள்ளீடு. ஷெல்லுக்குப் பாதி வரிதான் போகிறது, மூடாத மேற்கோள் குறி என்று அது புகார் செய்கிறது. முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் சரியாகிவிடும். எனக்குப் பிடித்த வழி, கிரான்டேப் வரியில் நேரமும் ஸ்கிரிப்டின் முழுப் பாதையும் தவிர வேறெதையும் வைக்காமல் இருப்பது. நேரத்திலும் ஒரு பொறி உண்டு. தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால் இரண்டும் ஒன்றாகப் பொருந்த வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 0 0 13 * 5 என்று எழுதினால் பதின்மூன்றாம் தேதியிலும் ஓடும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓடும்.

இதுவரை சொன்னவற்றில் ஏதோ ஒரு பிழை தெரிகிறது, அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். எனக்குக் கவலை தருவது பிழையே தெரியாத ஜாப்கள்தான்.

ஓர் இடத்தில் பொறுப்பேற்றபோது, இரவு பேக்கப் டைரக்டரியைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்பு, தேதியோடு அழகாக வரிசையாக இருந்தது. ஒரு தேதி வரைக்கும் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்திருந்தது. அதற்குப் பின் எல்லாக் கோப்பும் 20 பைட். காலி உள்ளீட்டை, கோப்பைச் சுருக்கும் ஜிஸிப்பிடம் கொடுத்தால் அது தரும் கோப்பு சரியாக அந்த அளவுதான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருக்கிறார்கள். டேட்டாபேஸை நகலெடுக்கும் டம்ப் கட்டளை 'அனுமதி இல்லை' என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறது. ஆனால் டம்பின் வெளியீடு, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாகக் கொடுக்கும் பைப் வழியாக ஜிஸிப்புக்குப் போகிறது. பைப்பில் கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோட்தான் கணக்கு. ஜிஸிப் வெறுமையை ஒழுங்காகச் சுருக்கிவிட்டு 0 என்று திரும்பியது. ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை எல்லாம் வெற்றி. டம்ப் சொன்ன அந்த ஒரு வரியையாவது யாராவது பார்த்திருக்கலாம், ஆனால் கிரான்டேப் வரியின் முடிவில் எல்லா வெளியீட்டையும், வந்ததையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இப்படி அனுப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மெயில் வந்து குவிகிறது என்பதற்காகச் செய்கிறார்கள், அந்த எரிச்சல் புரிகிறது. அதற்கு, சரியாக ஓடும்போது எதுவும் பேசாத ஸ்கிரிப்டாக மாற்ற வேண்டும். பிழையை வாய் மூட வைப்பது சரியான வழி அல்ல. பல சர்வர்களில் மெயில் அனுப்பும் மென்பொருளே இருக்காது. அங்கே கிரான் வெளியீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, எறிந்தேன் என்று சர்வரின் பொது லாகான சிஸ்லாகில் ஒரு வரி மட்டும் எழுதும். லாகில் ஜாபின் பெயர் இருக்கிறதே என்று ஆறுதல் அடையவும் கூடாது. கட்டளையைத் தொடங்கியது என்பதுதான் அந்த வரியின் பொருள், நல்லபடியாக முடிந்ததா என்று அது சொல்வதில்லை.

அந்த ஸ்கிரிப்டில், பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று கணக்கு வைக்கும் பைப்ஃபெயில் சேர்த்தோம். டேஷின் பல பதிப்புகளில் அது இல்லாததால் முதல் வரியை பாஷ் என்று மாற்றினோம். வெளியீடு, பிழைச் செய்திகளும் சேர, 2>&1 போட்டு ஒரு லாக் கோப்புக்குப் போனது. கோப்பு எழுதி முடித்ததும் அதன் அளவை முந்தைய நாளோடு ஒப்பிட்டு, பாதிக்கும் கீழே இறங்கினால் பிழையோடு வெளியேறும்படி வைத்தோம். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதிருக்க எஃப்லாக். எல்லாம் தாண்டி வந்தால் கடைசி வரியில் ஒரு சிறு கோப்பின் நேரத்தைப் புதுப்பிக்கும். வேறொரு சர்வர் அந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஒரு நாளுக்கு மேல் பழசானால் எங்களைக் கூப்பிடும். ஜாப் ஓடவே இல்லை என்றாலும், சர்வரே விழுந்துவிட்டாலும் அந்த அழைப்பு வரும். தோல்வி வந்தால் மெயில் அனுப்பு என்று அதே ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைப்பதில் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியே நேரம் பார்த்து ஜாபை ஓட்டும் சிஸ்டம்டி டைமருக்கு மாறலாமா என்று இப்போது கேட்கிறார்கள். தாராளமாக மாறலாம். வெளியீடு தானாகவே அதன் லாகான ஜர்னலில் சேர்கிறது. தோற்ற ஜாப்களை ஒரே கட்டளையில் பட்டியலிடலாம். சர்வர் அணைந்திருந்தபோது தவறிய ஓட்டத்தை எழுந்ததும் ஓட்டச் சொல்லலாம். ஆனால் ப்ரொஃபைல் கோப்பை அதுவும் படிப்பதில்லை, பைப் பற்றிய கணக்கும் மாறுவதில்லை. அதனால் ஸ்கிரிப்டை அங்கே கொண்டுபோகும்போதும் முழுப் பாதை, பைப்ஃபெயில், கடைசி வரியில் நேரம் புதுப்பிப்பது மூன்றையும் அப்படியே கூடவே கொண்டுபோகச் சொல்கிறேன்.