பண்ருட்டி முந்திரிக்கொல்லையில் விசாட் இணையம்: பங்குனி முதல் கார்த்திகை வரை

இடம்: காடாம்புலியூர்ப் பக்கம் செம்மண் கொல்லை. முந்திரி, நடுநடுவே பலா, வரப்போரம் தென்னை. ஃபைபர் கேபிள் ஊரோடு நின்றுவிடுகிறது. கொல்லைக்குள் செல்போனில் ஒரு கோடு வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

விசாட் (சிறு டிஷ் வழியாக வரும் செயற்கைக்கோள் இணையம்) போடுவதற்கு முன் 4ஜி-யை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். வீட்டுக் கூரை உயரத்தில் சிக்னல் அளவு -110 டிபிஎம் அல்லது அதைவிட நன்றாக (சுழியத்துக்கு நெருக்கமாக) இருந்தால், வெளி ஆண்டெனா வைத்த 4ஜி ரூட்டரே போதும். மாதச் செலவும் குறைவு, தாமதமும் குறைவு. இங்கே மர உச்சிக்கு மேலே போனால்தான் அந்த அளவு கிடைத்தது. பலா 15 மீட்டர் வளரும் இடத்தில் அதற்கு மேலே ஒரு கம்பம், அதற்கு ஸ்டே கம்பி, இடிதாங்கி என்று கணக்குப் போட்டால் செலவு எங்கோ போய்விடும். அதனால்தான் செயற்கைக்கோள்.

உரிமம் பற்றி இரண்டு வரி. உரிமம் பெற்ற விசாட் நிறுவனம் வழியாகத்தான் இதைப் போட முடியும். கருவி குறிப்பிட்ட அட்சரேகை, தீர்க்கரேகைக்குப் பதிவாகும், நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் டிஷ் இங்கே சட்டவிரோதம். அனுமதியில்லாத சாட்டிலைட் போனும் அப்படித்தான். தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்களில் ஓடும் ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமமும் ஜூலையில் விண்வெளி ஒழுங்குமுறை அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதியும் கிடைத்தன. ஆனால் மரக்காட்டுக்கு அது பொருந்துமா என்பது தனிக் கேள்வி, கீழே வருகிறது.

பங்குனி: வானம் பார்த்தல்

இந்த வேலையில் பாதி இதுதான். நம் டிஷ் பார்க்க வேண்டிய செயற்கைக்கோள், 2018 டிசம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-11, நிற்பது 74 டிகிரி கிழக்கில், பூமத்திய ரேகைக்கு மேலே. நாம் இருப்பது ஏறக்குறைய 11.8 டிகிரி வடக்கு, 79.6 டிகிரி கிழக்கு. கணக்குப் போட்டால் திசைக்கோணம் வடக்கிலிருந்து வலச்சுற்றாக 205-206 டிகிரி, அதாவது தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே. ஏற்றக்கோணம், அதாவது அடிவானத்திலிருந்து மேலே, 74 முதல் 75 டிகிரி. ஐரோப்பாவில் இதே வகை டிஷ் அடிவானத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும், பக்கத்து வீட்டு மரம்கூட மறைக்கும். நமக்கு அது கிட்டத்தட்ட உச்சிவானம். ஆகவே இங்கே டிஷ்ஷுக்கு உயரம் தேவையில்லை. தலைக்கு மேலே ஒரு திறப்பு இருந்தால் போதும்.

திறப்பு எவ்வளவு வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு: டிஷ்ஷுக்கு மேலே மரம் எத்தனை மீட்டர் உயர்கிறதோ, அதை 3.6-ஆல் வகுத்தால் வருவது தென்-தென்மேற்குப் பக்கம் விட வேண்டிய இடைவெளி. 8 மீட்டர் முந்திரிக்கு 2.2 மீட்டர், 15 மீட்டர் பலாவுக்கு 4.2, 20 மீட்டர் தென்னைக்கு 5.5. இது தண்டிலிருந்து அல்ல, கிளை நுனியிலிருந்து. மேலும் ஒன்றரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள், மரம் வளரும், காற்றில் ஆடும். தென்னை மட்டையின் நீளத்தையும் கணக்கில் எடுத்தால், தென்-தென்மேற்கில் தென்னை இருக்கும் இடத்தைத் தவிர்ப்பதே நல்லது. வடக்கிலும் கிழக்கிலும் என்ன மரம் இருந்தாலும் கவலையில்லை.

ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்களுக்கு இதே கொல்லையில் என்ன ஆகும்? அந்த டிஷ் ஒரே புள்ளியைப் பார்ப்பதில்லை. ஓடும் செயற்கைக்கோள்களை விடாமல் துரத்த 110 டிகிரி அளவு அகலமான வானம் கேட்கும். அதாவது 35 டிகிரி ஏற்றம் வரை திறந்திருக்க வேண்டும். 10 மீட்டர் மரம் சுற்றி நின்றால் எல்லாப் பக்கமும் 14 மீட்டர் இடைவெளி, மொத்தம் 28 மீட்டர் விட்டத்தில் மரமே இருக்கக் கூடாது. வேகமும் குறைந்த தாமதமும் அதில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் காய்க்கும் முந்திரியை வெட்டிக் களம் போட யாருக்கு மனம் வரும்?

திறப்பைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், பங்குனி வெயில் போதும். மார்ச் 15 வாக்கிலும் செப்டம்பர் 28 வாக்கிலும் சூரியன் இந்தச் செயற்கைக்கோளின் நேர் பின்னால் வருகிறது. மார்ச்சில் மதியம் 12.45-ஐ ஒட்டி, செப்டம்பரில் 12.30-ஐ ஒட்டி. அந்த நேரத்தில் டிஷ் வரப்போகும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத் தட்டையோ வெள்ளைத் துணியையோ பிடியுங்கள். முழுதும் வெயில் விழுந்தால் பாதை சுத்தம். இலை நிழல் ஆடினால் அந்தக் கிளை கவாத்துக் கணக்கில் சேர வேண்டும். சூரியன் நாளுக்கு அரை டிகிரிக்கும் குறைவாகவே நகர்வதால் இரண்டு மூன்று நாள் முன்பின் பார்த்தாலும் பரவாயில்லை.

இலைதானே, கொஞ்சம் மறைத்தால் என்ன என்று விட்டுவிடக் கூடாது. இந்த இணைப்பு ஓடும் கேயு பேண்ட் அலைவரிசையின் அலைநீளம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான். ஈரமான முந்திரி இலைக்கொத்து அதற்குச் சுவர் மாதிரி. காய்ந்திருக்கும்போது வேலை செய்து, மழை பெய்து முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் இணைப்பு வராமல் இருந்தால் காரணம் மேகமல்ல, கிளையில் நிற்கும் தண்ணீர்.

ஆடி: கவாத்தும் குழியும்

அறுவடை முடிந்த பிறகுதான் கிளை வெட்ட வேண்டும். பூக்கும் காலத்தில் வெட்டினால் இணையத்துக்காக மகசூலை விட்ட கதையாகிவிடும். வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவுவது வழக்கம்போல. இந்த மரங்களில் முசுறு எறும்புக் கூடு நிறைய, கிளையை இழுக்குமுன் அண்ணாந்து பாருங்கள்.

குழி 60 x 60 சென்டிமீட்டர், ஆழம் 90. ஒரு கன மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு, எம்20 கலவையில் மூன்று மூட்டை சிமெண்ட் ஆகும். நடுவில் 76 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள கனமான ஜிஐ பைப், தரைக்கு மேல் 1.2 மீட்டர் மட்டும். பைப்பின் அடியில் குறுக்குக் கம்பி வெல்டிங் செய்யாவிட்டால் காற்றில் பைப் கான்கிரீட்டுக்குள்ளேயே திரும்பும்.

இது அதிகம் என்று தோன்றலாம். புதுச்சேரி, கடலூர்க் கரைக்குக் கட்டட விதியில் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். 98 சென்டிமீட்டர் டிஷ்ஷின் மீது அந்தக் காற்று தரும் தள்ளுவிசை ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்த முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கம்பத்தைக் குட்டையாக வைத்ததற்கும் இதுவே காரணம். இரண்டு மடங்கு உயர்த்தினால் அடித்தளத்தில் விழும் திருகுவிசையும் இரண்டு மடங்கு.

பைப் நேர்குத்தாக நிற்க வேண்டும். கான்கிரீட் இறுகுமுன் இரண்டு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு டிகிரி சாய்ந்தால் ஏற்றக்கோணம் அப்படியே ஒரு டிகிரி தவறும்.

ஆவணி: டிஷ் திருப்புதல்

98 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பெறும் கதிர் அகலம் சுமார் 1.8 டிகிரி, அனுப்பும் பக்கம் 1.5. உச்சிவானத்தைப் பார்ப்பதால் இங்கே ஒரு வசதியும் ஒரு தொல்லையும். திசைக்கோணத்தில் 4 டிகிரி தவறினாலும் வானத்தில் அது ஒரு டிகிரிதான். கம்பத்தருகே திசைகாட்டி கொஞ்சம் தடுமாறினால்கூடத் தேடிப் பிடித்துவிடலாம். (இரும்புக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதே முறை. காந்தத் திசை விலகல் இப்பகுதியில் இரண்டு டிகிரிக்குள்.) ஏற்றக்கோணத்தில் அந்தச் சலுகை கிடையாது. டிஷ்ஷைப் பிடித்து நிறுத்தும் மவுண்ட் சில 70 டிகிரியோடு நின்றுவிடும், வாங்குமுன் கேளுங்கள். சிக்னலை வாங்கி அனுப்பும் ஃபீட் நடுவில் இல்லாமல் ஓரத்தில் நிற்கும் ஆஃப்செட் டிஷ் என்பதால் முகம் பார்க்கும் கோணமும் கதிர் போகும் கோணமும் வேறு. ஆஃப்செட் 22 டிகிரி என்றால் 74.6-க்கு முகம் 52-53 டிகிரியில்தான் நிற்கும். மவுண்டில் அச்சடித்த அளவுகோல் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டு திருப்புங்கள்.

முதலில் ஏற்றத்தை வைத்துவிட்டு, பக்கவாட்டில் மெதுவாகத் துழாவுங்கள். சிக்னல் கிடைத்ததும் உச்ச எண்ணைத் துரத்தாமல், இரு பக்கமும் சமமாகக் குறையும் இரண்டு புள்ளிகளைப் பைப்பில் மார்க்கரால் குறித்து நடுவில் நிறுத்துவது துல்லியம். உச்சத்தில் எண் கிட்டத்தட்ட அசையாது, சரிவில்தான் மாற்றம் தெளிவாகத் தெரியும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நேர்க்கோட்டுத் துருவமுனைப்புள்ள (அலை ஒரே தளத்தில் அதிரும்) இணைப்பு என்றால் ஃபீடை ஏறக்குறைய 25 டிகிரி திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் என்பதை நிறுவனத்தின் தாள் சொல்லும்.

பெறும் சிக்னல் வந்துவிட்டால் இணையம் வந்துவிடாது. அனுப்பும் பக்கத்தை நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையம் சோதித்து, அடுத்த துருவமுனைப்பில் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே திறந்துவிடும். அதற்கு அவர்களோடு போனில் பேசிக்கொண்டே ஃபீடைத் திருப்ப வேண்டும். போன் எடுக்காத கொல்லையில் இதுதான் வேடிக்கை: சிக்னல் எடுக்கும் வண்டிப்பாதையில் ஒருவர், டிஷ் அடியில் ஒருவர், நடுவில் கூப்பிடு தூரத்தில் இன்னொருவர். ஆளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேபிள்: பி.யு.சி-க்கும் (அனுப்பும் பெட்டி) எல்.என்.பி-க்கும் (பெறும் பெட்டி) தனித்தனி ஆர்ஜி6. மின்சாரமும் இதே கேபிளில் ஏறிப் போவதால் உள்கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். கேபிள் டிவிக்கு இழுக்கும் சாதாரண வகை, செம்பு பூசிய எஃகு. அதில் மின்னழுத்தம் விழுந்து, பி.யு.சி அனுப்பத் தொடங்கும்போது மட்டும் அணைந்து அணைந்து எரியும். நீளத்தை 30 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வீடு அதற்கு அப்பால் இருந்தால் மோடத்தை டிஷ்ஷுக்கு அருகே பூட்டிய பெட்டியில் வைத்து, அங்கிருந்து வெளிப்புற கேட்6 இழுப்பது நல்லது, 90 மீட்டர் வரை தொல்லையில்லை. கனெக்டர் அமுக்கி இறுக்கும் வகை, மேலே ரப்பர் டேப், நுழையும் இடத்தில் தண்ணீர் சொட்ட ஒரு தொங்கல் வளைவு. அணிலும் எலியும் கடிக்காமலிருக்கத் தரையில் எச்டிபிஇ குழாய். டிஷ், கேபிள் உறை, வீட்டு எர்த் மூன்றையும் ஒன்றாக இணைக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையிலான வேறுபாடு மோடம் வழியாகத்தான் பாயும். செம்மண் கோடையில் காய்ந்துவிடும், எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதை விடாதீர்கள்.

மின்சாரம்: பம்புசெட்டுக்கான இலவச இணைப்பிலிருந்து எடுக்கக் கூடாது. சோலார்தான். மோடமும் பி.யு.சி-யும் சேர்ந்து சுமார் 45 வாட். முழு நாளுக்கு 1,080 வாட்-மணி. இரவு 11 முதல் 5 வரை டைமரில் அணைத்தால் 810. 540 வாட் பேனல் ஒன்று, 25.6 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பெரோபாஸ்பேட் பேட்டரி, 30 ஆம்பியர் எம்பிபிடி (பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலர்). பேட்டரி மூடாக்கான இரண்டு மூன்று நாளைத் தாங்கும். டிஷ்ஷுக்குத் திறப்பு போதும், பேனலுக்குக் காலை 9 முதல் 3 வரை நிழலே ஆகாது. ஆகவே பேனல் களத்து ஓரம் போனது, 25 மீட்டர் தள்ளி. எம்பிபிடி-யைப் பேட்டரி பக்கமே வையுங்கள். பேனலின் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் போகும்போது 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 5 சதவீதம். எம்பிபிடி-யைக் களத்தில் வைத்து 25 வோல்ட்டில் 21 ஆம்பியராக இழுத்தால் அது 13 சதவீதம்.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை

செப்டம்பர் கடைசியில் சில நாள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் இணைப்பு சில நிமிடம் போகும். பழுது இல்லை, டிஷ்ஷுக்கு நேரே சூரியன். பங்குனியில் பார்த்த அதே கணக்கு, ஆளைக் கூப்பிட வேண்டாம்.

ஐப்பசி மழையில் வேகம் முதலில் குறையும், பிறகுதான் அறும். மோடம் தானாகப் பண்பேற்றத்தை (அலையில் தரவை ஏற்றும் முறையை) மெதுவானதாக இறக்கிக்கொள்வதால் அப்படி. உச்சிக்கோணம் இங்கேயும் உதவுகிறது: 30 டிகிரியில் பார்க்கும் டிஷ்ஷின் கதிர் மழைக்குள் கடக்கும் தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் நமக்கு. ஆனால் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது போன்ற மழையில் கேயு பேண்ட் நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டிஷ் முகம் பாதி வானத்தைப் பார்ப்பதால் கீழ் விளிம்பில் சருகு தேங்கும், வாரம் ஒருமுறை துடையுங்கள். ஃபீட் மூடியில் குளவி மண் கூடு கட்டும். சுரண்டுமுன் மோடத்தை அணைத்துவிடுங்கள்.

மழைக்குப் பின் முந்திரி துளிர்த்துக் கிளை நீளும். வெட்டிய திறப்பு கார்த்திகைக்குள் ஓரங்களில் மூடத் தொடங்கியது. அடுத்த ஆடி வரை காத்திருக்காமல் நுனித் துளிரை மட்டும் கிள்ளிவிட்டால் போதும்.

தாமதம் 600 மில்லிநொடியை ஒட்டி. 35,786 கிலோமீட்டர் ஏறி இறங்குவதைக் குறைக்க வழியில்லை. யுபிஐ, மின்னஞ்சல், முந்திரி விலை பார்ப்பது, காணொளி எல்லாம் ஓடும். வாட்ஸப் அழைப்பில் ஒருவர் முடித்த பின் மற்றவர் பேசப் பழக வேண்டும். விபிஎன் போட்டால் ஊர்ந்துவிடும்: மோடம் டிசிபி (வழக்கமான இணையப் பரிமாற்ற நெறிமுறை) தலைப்பைப் படித்துத்தான் வேகப்படுத்துகிறது, மறையாக்கத்துக்குள் அது தெரியாது. பிரவுசர் பயன்படுத்தும், யுடிபி-யில் ஓடும் க்விக் நெறிமுறையிலும் இதே சிக்கல். ரூட்டரில் யுடிபி 443-ஐ அடைத்துவிட்டால் பக்கங்கள் டிசிபி-க்கே திரும்பும், திறக்கும் வேகம் கண்கூடாக மாறும். மாற்றிய பின் வாட்ஸப் அழைப்பை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அதில் தகராறு வந்தால் அடைப்பைக் கணினிகளுக்கு மட்டும் வைத்து, போன்களை விட்டுவிடலாம்.