பதினேழு வருடம் கழித்து ஒரு ஆட்டம்

பின்லாந்து வந்த புதிதில் மொழி வகுப்பில் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் கேட்டார், உங்கள் 'ஹர்ராஸ்துஸ்' என்ன என்று. பொழுதுபோக்கு என்று சொல்லலாம், ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். ஒருவர் மீன்பிடிப்பது என்றார், பக்கத்திலிருந்த பெண் பின்னல் என்றாள். நான் சமையல் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அது உண்மையில்லை. தினமும் சமைக்கிறேன், ஆசைப்பட்டுச் செய்வதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

2022 அக்டோபரில் கணவரின் வேலைக்காக ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகருக்கு வந்தோம். டிசம்பரில் காலை ஒன்பதரைக்கு விடிந்து, மூன்றேகாலுக்கு இருட்டிவிடும். வைட்டமின் டி மாத்திரை போடு, தினமும் வெளியே நட என்றார்கள், இரண்டையும் செய்தேன். குளிர்கூடப் பழகிவிட்டது. மகளை டேகேரில் விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினால் வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. அதுதான் பழகவில்லை.

ஹெல்சிங்கியில் பாராளுமன்றத்துக்கு எதிரே ஓடி என்றொரு நூலகம், 2018 டிசம்பரில் திறந்தது. மகளுக்குப் படப்புத்தகம் எடுக்கப் போனேன். நடுத்தளத்தில் தையல் மெஷின்கள், 3டி பிரிண்டர்கள், அப்புறம் வீடியோ கேம் அறைகள். ஒரு அறையில் நரைத்த தலை அம்மா ஒருவர், பேரன் வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, கன்ட்ரோலரை இறுகப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெகுநேரம் நின்றேன்.

எங்கள் கும்பகோணம் வீட்டுக்கு 2001இல் கம்ப்யூட்டர் வந்தது. அண்ணன் எங்கிருந்தோ ஒரு சிடி கொண்டுவந்தான், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. ஊர் கட்டி, படை திரட்டிச் சண்டை போடும் கம்ப்யூட்டர் ஆட்டம். ஒரே நாற்காலியில் இருவரும் பாதிப் பாதியாக உட்காருவோம். ஆடு தேடுவது, மரம் வெட்டுவது, வயல் போடுவது என் பொறுப்பு. படை அவன் பொறுப்பு. கரண்ட் போனால் யுபிஎஸ் கீக் கீக் என்று கத்தும், அது அணைவதற்குள் சேவ் செய்ய வேண்டும். 1999இல் வந்த அந்த ஆட்டத்தில் நாம் தேர்ந்தெடுத்து ஆட 13 நாகரிகங்கள். ஆளைக் க்ளிக் செய்தால் ஜப்பான்காரன் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வான், சீனன் சீனத்தில். இந்தியாவே அதில் இல்லை. நான் பத்தாம் வகுப்புக்குப் போனதும் அம்மா மானிட்டரைத் துணி போட்டு மூடினார். அண்ணன் பத்தாவது படித்தபோது அந்தத் துணி இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். அப்புறம் காலேஜ், வேலை, கல்யாணம், குழந்தை. பதினேழு வருடம் நான் எதையும் ஆடவில்லை.

நூலகத்தில் பார்த்ததை அன்றிரவு அண்ணனிடம் போனில் சொன்னேன். "ஏய், உனக்குத் தெரியாதா? நம்ம ஆளுங்க வந்துட்டாங்க பாப்பா" என்றான். ஆட்டத்தைப் புதுப்பித்து வெளியிட்டிருந்தார்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரச மரபுகளுக்கென்றே ஒரு தொகுப்பு வந்திருந்தது. அதில் திராவிடர் ஒரு நாகரிகம், ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதைத்தொடர். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஸ்கூல் டூர் போய், கோயில் நந்தி நிழலில் புளிசாதம் தின்ற பிள்ளைகள் நாங்கள்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தேன். விரல் தானாக ஹெச் கீயைத் தட்டியது, நகர மையம் வந்தது. அடுத்து சி தட்டினால் ஆள் பிறக்க வேண்டும், பிறக்கவில்லை. அந்த வேலையை இப்போது க்யூ கீக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு பெண்ணைக் க்ளிக் செய்தேன். தமிழில் பதில் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, வீட்டில் நான் மட்டும். இன்னொருத்தியைத் தொட்டேன், அவளும் தமிழ்தான் பேசினாள். மரம் வெட்டச் சொல்லக்கூடத் தோன்றாமல், அவர்களை மாற்றி மாற்றித் தொட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் அண்ணனும் நானும் ஆன்லைனில் சேர்ந்து ஆடுகிறோம். குளிர்காலத்தில் இங்கே காலை எட்டு என்றால் அங்கே பதினொன்றரை. திராவிட மீனவர்கள் மற்றவர்களைவிட அதிக மீன் சுமப்பார்கள், அதனால் கடல் உள்ள வரைபடமாகப் பார்த்து எடுப்போம். 'நைட்' என்ற கவசக் குதிரைவீரர் படை நமக்குக் கிடையாது; எதிரி குதிரையோடு வந்தால் ஈட்டிக்காரர்களை முன்னாலேயே நிறுத்த வேண்டும். அந்தக் கணக்கெல்லாம் இப்போது என் பொறுப்பு. படையையும் நான்தான் நடத்துகிறேன்.

மொழி வகுப்பில் அதே கேள்வி மறுபடி வந்தபோது "மினா பெலான்" என்றேன். நான் விளையாடுகிறேன். என்ன விளையாட்டு என்று ஆசிரியை கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் பின்னிஷை வைத்துக்கொண்டு ராஜேந்திர சோழன் யார் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் மார்க்கரை என் கையில் கொடுத்தார். பலகையில் காவிரி வரைந்தேன்.

போன ஞாயிறு கோட்டை வாசலில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அண்ணனின் மைக் வழியாக அம்மாவின் குரல்: "அங்க விடிஞ்சிருச்சா? சாப்பிட்டியாடி?"

"இரும்மா," என்றேன், "குதிரை வருது."