சுங்கை சிப்புட்டிலிருந்து கண் நிபுணர் வரை: அம்மாவோடு போய் வந்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வந்து 11 வருடம் ஆகிறது. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை, அரசாங்க கிளினிக்கில் கொடுத்த பச்சைப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு பத்திரமாக வைத்திருப்பார். ஆனால் கண்ணைப் படம் எடுக்கும் தேதி வந்தால் மட்டும் ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும், கோயிலில் பூசை, தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு, மழை. இந்த வருடம் நான் லீவு போட்டு கூடவே போனேன். படத்தைப் பார்த்த டாக்டர், இடது கண்ணின் பின்புறம் ரத்தக் குழாய்களில் மாற்றம் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரியின் கண் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி சூராட் ருஜுக்கான், அதாவது நிபுணரிடம் அனுப்பும் கடிதம், எழுதிக் கொடுத்தார்.

"எனக்குத்தான் நல்லா தெரியுதே, இப்பகூட ஊசியில நூல் கோக்குறேனே" என்றார் அம்மா. அங்கேதான் சிக்கல். இனிப்பு நீரால் வரும் இந்தக் கண் பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது, மங்கத் தொடங்கும்போது உள்ளே நிறையவே கெட்டுப் போயிருக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை படம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான் என்று டாக்டர் மலாயில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அம்மா பாதி நம்பினார்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே எல்லாவற்றுக்கும் டிரெசர்தான் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்), காய்ச்சலா, பால் வெட்டும்போது கையில் கத்தி பட்டதா, லயத்து வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் அவர் முன்னால் போய் நிற்கலாம், அவரும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அப்படிப்பட்டவரை எண் சீட்டு, கவுண்டர், நாலு மாடி என்று கூட்டிக்கொண்டு போகும்போது அவருக்கு நோயைவிட அந்த இடம்தான் பயம். நம் ஊரில் பலர் நிபுணரிடம் போகாமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

கடிதம் கையில் இருந்தால் மறுநாளே போய் நிபுணரைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அதைப் படித்துப் பார்த்து, எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் பிரித்துத் தேதி கொடுப்பார்கள். எங்களுக்கு மூன்று மாதம் தள்ளிக் கிடைத்தது. அதற்குள் கண்ணில் திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருட்டினாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். இதைக் கேட்காமல் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தால் மூன்று மாதமும் எனக்குத் தூக்கமே வந்திருக்காது.

அப்புறம்தான் எங்கள் தவறு. குறித்த நாளில் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தால், கவுண்டரில் இருந்த பெண் அம்மாவின் பெயர் இன்றைக்கு இல்லை என்கிறார். தேதி மாறியிருக்கிறது, போன் செய்திருக்கிறார்கள், ஆனால் பதிவில் இருந்தது இறந்துபோன அப்பாவின் பழைய நம்பர். அதை மாற்ற வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண் நல்ல மனசோடு மூன்று வாரத்தில் இன்னொரு தேதி பார்த்துக் கொடுத்தார். என் நம்பரையும் தம்பி நம்பரையும் அங்கேயே எழுதிக் கொடுத்தேன், ஊருக்கு வந்து கிளினிக்கிலும் தனியாக மாற்றினேன். ஓர் இடத்தில் மாற்றினால் இன்னோர் இடத்தில் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐசி (அடையாள அட்டை), கடிதம், பச்சைப் புத்தகம், சாப்பிடும் மாத்திரை எல்லாம் ஒரே பையில். முதலில் சுவரில் இருந்த ஆங்கில எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். அம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், அந்த எழுத்துகள் அவருக்குச் சரியாகத் தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்ல, மிஸ்ஸி (நர்ஸ்) அதைப் பார்வை குறைவு என்று எழுதப் போனார். நான் உடனே விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த முகத்தோடு வேறு அட்டையை மாற்றினார், ஆங்கில 'E' எழுத்து மேலே, கீழே, இடம், வலம் என்று திரும்பி நிற்கும், எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினால் போதும். அம்மா கடைசிக்கு முந்தின வரி வரை சரியாகக் காட்டினார். கூடப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள், எழுத்து தெரியாதது பார்வைக் குறைவாகப் பதிவாகிவிடக் கூடாது.

பிறகு சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியும் வரை காத்திருக்க வேண்டும், மறுபடியும் விடுவார்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்ட இருப்பது மங்கலாகத் தெரியும், அதனால் கறுப்புக் கண்ணாடியும் கார் ஓட்ட வேறு ஆளும் வேண்டும். பசியாறாமல் போகாதீர்கள், மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தால் இனிப்பு இறங்கித் தலை சுற்றும். நாங்கள் இட்டிலி கட்டிக்கொண்டு போனோம்.

இடது கண்ணுக்கு லேசர் தேவை என்றார் டாக்டர். "ஆண்ட்டி, இது இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான், போனதைத் திரும்பக் கொண்டுவராது" என்று அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, செய்யச் சொல்லு" என்றார். லேசர் அன்று பளிச் பளிச்சென்று வெளிச்சமும் சில இடத்தில் முள் குத்துகிற மாதிரியும் இருந்ததாம், அன்றே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

செலவைக் கேட்பவர்களுக்கு: குடிமக்களுக்குக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரிடம் தொடர்ந்து போகும்போது ஒவ்வொரு முறையும் 5 வெள்ளி. தனியார் டாக்டரின் கடிதத்தோடு போனால் முதல் முறை 30 வெள்ளி.

அடுத்த தேதி நாலு மாதம் கழித்து. தேதி எழுதின அட்டை இப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறது. நேற்றுப் பக்கத்து வீட்டு அக்கா, அவருக்கும் இனிப்பு நீர்தான், எனக்குக் கண் நல்லாத்தானே தெரியுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்குந்தான் தெரிஞ்சுச்சு" என்றார் அம்மா. செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து கிளினிக்குக்குப் போகிறார்கள்.