ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் சேலை

உடலையும் கரைகளையும் தனித்தனி நூலால் நெய்து கோர்க்கும் காஞ்சிபுரம் கோர்வைச் சேலை பற்றி பிரிட்டனில் ஒரு கலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். ஓர் அத்தியாயத்தை எழுதாமல் நெய்து கொடுத்தேன். அங்கே இதற்கு இடம் உண்டு. ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-லேயே கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலை வழியே ஆய்வு (செய்வதே ஆய்வாவது) என்று பிரித்துக் காட்டிவிட்டார். ஆனாலும் முதல் மதிப்பாய்விலேயே கேட்டார்கள்: "இதை ஏன் கட்டுரையாக எழுதக்கூடாது?" நியாயமான கேள்விதான். அழகாக ஒரு துணியை நெய்து மாட்டிவிட்டால் அது ஆய்வாகிவிடாது.

நான் எடுத்துக்கொண்டது தறியில் கூட உட்காரும் உதவியாளின் உழைப்பை. குறுக்கு நூலான ஊடையைத் தறியில் ஓட்டும் கருவிதான் நாடா. கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு. ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான், முன்பெல்லாம் பிள்ளைகள். பேரும் கூலியும் நெசவாளருக்கு. இதை எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்.

அதனால் மாம்பழ நிற உடல், அரக்குக் கரை என்று பாவு, அதாவது நெடுக்கு நூல், போட்டோம். உதவியாள் இருக்கும்வரை வழக்கமான கோர்வை. அவர் அடுப்படிக்கோ ரேஷன் கடைக்கோ எழுந்து போனால் தறியை நிறுத்துவதில்லை. உடலின் ஊடையே அந்தக் கரைக்குள்ளும் ஓடும். அரக்குப் பாவில் மஞ்சள் ஊடை விழுந்தால் கரை செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். நெசவாளர் அண்ணன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "பழுதுன்னு கடைக்காரர் திருப்பி அனுப்பிடுவாரும்மா." கடைக்கே போகாது, கூலி முழுசாக உண்டு என்ற பிறகு, ஒரு சாண் நெய்து பார்த்துவிட்டுச் சரி என்றார். உதவியாளாக உட்கார்ந்த அண்ணிதான் சிரித்தார்: "நான் எந்திரிச்சுப் போனதெல்லாம் இதுல தெரியுமா?"

எழுத்து வேலை மிச்சம் என்று யாரும் இந்த வழிக்கு வராதீர்கள். எந்த இடத்தில் ஏன் நிறம் மாறியது என்று தறி அருகிலேயே குறிப்பேடு வைத்தோம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சேர்ந்து செய்தவர் பெயரைப் போடப் பல்கலைக்கழகப் படிவத்தில் கட்டமே இல்லை. இருவர் பெயரையும் அவர்கள் சம்மதத்தோடு முன்னுரையில் சேர்த்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். வெளித்தேர்வாளர் இரண்டு கரைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, நீளமான செங்கல் பட்டையைக் காட்டி, "இங்கே என்ன ஆயிற்று?" என்றார். பிள்ளைக்குக் காய்ச்சல், அண்ணி ஆஸ்பத்திரியில் என்று குறிப்பேட்டில் இருந்தது. குறிப்பேடு இல்லாமல் இதைப் படிக்க முடியுமா என்று அடுத்த கேள்வி. முடியாது. இரண்டும் சேர்ந்ததுதான் அத்தியாயம் என்றேன், அதோடு விட்டுவிட்டார்.

சிக்கல் நூலகத்தில் வந்தது. அவர்கள் பிடிஎஃப் மட்டும்தான் வாங்குவார்கள். பட்டின் நிறம் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறுவதால் படத்தில் அந்த வித்தியாசம் பாதிதான் விழுந்தது. இந்த வழியில் போக நினைப்பவர்கள் செய்த பொருளை எங்கே வைப்பார்கள் என்பதை ஆய்வுக்குப் பதிவு செய்யும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டு நூலுக்கும் தறிக்கூலிக்கும் யார் பணம் தருவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.