ஒரே வாய்

குறுக்கே பாய்ந்த ஆட்டோக்காரரின் தாயை இழுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்.

பின்னால் மகள். என் சட்டையைப் பிடித்திருந்த அவள் கை சட்டென்று விலகியது.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் தேவாலயத்தில் இதே வாயில் திருவிருந்தின் அப்பத்தை வாங்கினேன்.

கோபத்தில் வருகிற வெறும் சொல்தானே என்று நானும் வாதாடியிருக்கிறேன். இல்லை. நம் வசைகள் பெரும்பாலும் அடுத்தவரின் தாய்மீதோ சாதிமீதோதான் விழுகின்றன. வேதாகமத்தில் யாக்கோபு நிருபம் 3-ஆம் அதிகாரம் இதைத்தான் கடிந்துகொள்கிறது: தேவனைத் துதிக்கும் நாவாலேயே அவர் சாயலில் உண்டான மனிதரைச் சபிக்கிறோம்.

அடுத்த சிக்னலில் அதே ஆட்டோ பக்கத்தில் நின்றது. "மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்றேன். எதற்கென்று புரியாமலே தலையாட்டினார்.

வீடு வரும்வரை மகள் என் சட்டையைப் பிடிக்கவில்லை.