ரெட்டிச்சில் ஒரு புல்லட்

திருவொற்றியூரில் புல்லட் தொழிற்சாலையிலிருந்து நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. மாமா வாசலிலேயே ஷெட் போட்டுப் புல்லட் மட்டும்தான் பார்ப்பார். பள்ளி விட்டு வந்தால் நான் அங்கேதான் இருப்பேன். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, நட்டுகளைத் தட்டில் வரிசையாக வைப்பது என் வேலை. பழைய வண்டி எதுவும் வந்தால் மாமா துடைத்துப் பார்த்துவிட்டு, "இது ரெட்டிச் மேக்குடா" என்பார். சொல்லும்போதே குரலில் ஒரு மரியாதை வந்துவிடும்.

மனைவிக்கு இங்கிலாந்தில் செவிலியர் வேலை கிடைத்து, 2021-இல் நாங்கள் வந்து சேர்ந்த ஊர் அதே ரெட்டிச். பர்மிங்காமுக்குத் தெற்கே இருக்கிறது. ஒரு காலத்தில் உலகத்துக்கே தையல் ஊசி செய்துகொடுத்த ஊர். ராயல் என்ஃபீல்டின் வேரும் ஓர் ஊசிப் பட்டறையில்தான் இருக்கிறது. இந்திய ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் தேவைப்பட்டபோது, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து சென்னையில் வேலை தொடங்கினார்கள். முதலில் இங்கிருந்து பாகங்கள் பெட்டி பெட்டியாகப் போய் அங்கே பூட்டப்பட்டன. அப்புறம் அச்சுகளும் கருவிகளுமே கப்பலேறின. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. எங்கள் ஊரில் சத்தம் நிற்கவில்லை.

வந்த புதிதில் அந்த இடத்தைத் தேடிப் போனேன். தொழிற்பேட்டை ஒன்று இருக்கிறது, பெயர்ப் பலகையில் என்ஃபீல்ட் என்ற சொல் இருக்கிறது. மழையில் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன்.

முதல் குளிர்காலம் கடினமாக இருந்தது. கிடங்கில் எனக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். கிடங்கில் நான் இரண்டு முறை சொன்னால்தான் என் ஆங்கிலம் புரியும். அவர்கள் பேசுவது எனக்கு மூன்று முறை சொன்னாலும் புரியாது. வாரக்கணக்கில் வீட்டுக்கு வெளியே யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

மூன்று வீடு தள்ளி ஒரு பெரியவர். ஒரு சனிக்கிழமை அவர் கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே பிஎஸ்ஏ பேண்டம் என்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்று, சக்கரமில்லாமல், வெளிர்பச்சை டேங்கோடு. கால் தானாக நின்றுவிட்டது. இளம் வயதில் பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் பகுதியில் பிஎஸ்ஏ தொழிற்சாலையில் தொழில் பழகியவராம். என்னை "பாப்" என்று கூப்பிட்டார். கேலி செய்கிறாரோ என்று இரண்டு நாள் மனசு சரியில்லை. பர்மிங்காம் பக்கத்தில் அது 'கண்ணு' என்பதுபோல அன்பாகக் கூப்பிடும் சொல் என்று மனைவிதான் ஆஸ்பத்திரியில் கேட்டுவந்து சொன்னாள்.

அன்று அவர் கை நீட்டியதும் நான் எடுத்துக்கொடுத்த ஸ்பானர் சரியான அளவு. அவர் நிமிர்ந்து பார்த்தார். பழைய பிரிட்டிஷ் ஸ்பானரில் எழுதியிருக்கும் எண் போல்ட்டின் தண்டைக் குறிக்கும், நட்டின் தலையை அல்ல. கால் அங்குலம் என்று போட்ட விட்வொர்த் (அந்தப் பழைய பிரிட்டிஷ் அளவுமுறை) ஸ்பானரின் வாய் அரை அங்குலத்துக்கும் மேல் இருக்கும். தெரியாதவர்கள் மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டி நட்டின் முனையை மழுக்கிவிடுவார்கள். மாமாவிடம் இதற்காகக் குட்டு வாங்கியவன் நான்.

அந்த அக்டோபரில் அவர் என்னை ஸ்டாஃபோர்டில் நடக்கும் பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சிக்கு அழைத்துப் போனார். சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையைக் குளிரில் வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. தார்ப்பாய் விரிப்பில் கார்புரேட்டர், எஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோ, துருப்பிடித்த ஃபிரேம். ஒரு மேசைக்கடியில், ஃபோர்க் தலையோடு சேர்த்து வார்த்த ஹெட்லைட் கூடு ஒன்று கிடந்தது. இரண்டு பக்கமும் பைலட் லாம்ப் எனும் சின்ன விளக்குக் கண்கள். என்ஃபீல்ட் 1954-இல் கொண்டுவந்த அமைப்பு, எங்கள் தெருவில் நின்ற ஒவ்வொரு வண்டியின் முகமும் அதுதான். வாங்கிவிட்டேன். வண்டியே இல்லாதவன் முகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஃபிரேம் ஒருவரிடம், எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸ் இன்னொருவரிடம். கிராங்க்கேஸின் இரண்டு பாதியும் ஜோடியாகக் கடைந்தவை. வேறு வேறு வண்டியின் பாதிகளைச் சேர்த்தால் பேரிங் நேர்கோட்டில் நிற்காது. அதனால் ஒரே ஜோடி கிடைக்கும்வரை ஏழு மாதம் காத்திருந்தேன். கிளட்ச் ஸ்பிரிங்கும் பைலட் லாம்ப் வளையமும் மாமா சென்னையிலிருந்து அனுப்பினார். வளையம் அப்படியே உட்கார்ந்தது. ரெட்டிச்சில் வார்த்த கூட்டில் சென்னையில் செய்த வளையம். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆயில் பம்ப் வேலையை மட்டும் நான் அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். பிஎஸ்ஏவில் பல்சக்கர பம்ப். என்ஃபீல்டில் ஒரு வட்டு ஆடி ஆடி எண்ணெயைத் தள்ளும். வட்டும் அது உட்காரும் முகமும் ஒட்டி உட்காராவிட்டால் எண்ணெய் மேலே ஏறாது. மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் தடவி எட்டு போட்டதுபோல் உரசி, இரண்டும் ஒரே சீராகச் சாம்பல் நிறம் ஆகும்வரை விடக்கூடாது. ஐம்பது வருடம் ஸ்பானர் பிடித்தவர் என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அரைமணி நேரம் நிறுத்தாமல் ஆங்கிலம் பேசினேன் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

எல்லாம் நல்லபடியாகவே போனது என்று சொல்ல முடியாது. 'சரிபார்த்தது' என்று சொல்லி ஒருவர் விற்ற மேக்னெட்டோ குளிரில் பொறி தரும், சூடானால் செத்துவிடும். உள்ளே இருக்கும் கண்டென்சர் பழுது. பணம் திரும்பி வரவில்லை. அந்தத் தொகை எங்கள் ஒரு மாதக் காய்கறிச் செலவு. நாள்கணக்கில் எனக்கு ஆறவே இல்லை. பிரித்துத் திரும்பச் சுற்றி, புதிய கண்டென்சர் வைத்த பிறகுதான் அது நம்பிக்கைக்கு வந்தது.

ஃபிரேமுக்குப் பதிவுத் தாளும் இல்லை. வண்டியின் வயதை நிரூபிக்கும் கடிதம் பெற்று, ஸ்வான்சீயில் இருக்கும் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிக் காத்திருந்தோம். அடையாளம் உறுதியாகாத வண்டிக்குக் 'கியூ' எழுத்தில் தொடங்கும் எண்தான் தருவார்கள். எனக்கு அந்தக் காலத்துக்கு ஏற்ற எண் வந்தது. உறையைப் பிரித்தபோது மனைவியும் பக்கத்தில் நின்றாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. எஞ்சினின் அழுத்தத்தை விடும் டிகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்து உதைத்தேன். ஏழாவது உதையில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மாமாவை வீடியோவில் கூப்பிட்டேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"எக்ஸாஸ்ட் டேப்பட் கொஞ்சம் லூஸு தம்பி. சூட்டுல கை வைக்காத. ராத்திரி முழுக்க ஆறட்டும், காலைல பாரு."

மறுநாள் காலை டேப்பட் மூடியைத் திறந்து, வால்வைத் தள்ளும் புஷ்ராடை விரலால் அசைத்தேன். ஆடியது. நான் கேட்பதற்கு முன்பே பெரியவர் ஸ்பானரை நீட்டினார்.