அம்மாவின் நாரியும் விக்டோரியா காலத்துக் கோர்செட்டும்

வெளிநாட்டிலிருந்து வந்து திரும்புகிறவர்களுக்குக் கொடுத்துவிட வன்னியில் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஒடியல், புழுக்கொடியல், வறுத்து இடித்த மிளகாய்த்தூள், மோர்மிளகாய் என்று 30 கிலோவை நிரப்பிய பிறகும் இரண்டு பொதி மிஞ்சும். அக்காவின் மகளிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அவளுக்குப் பிடித்திருப்பது வேறு பைத்தியம். பழங்கால உடுப்பு.

பழங்காலம் என்றால் எங்கள் ஆச்சிமார் காலம் இல்லை. 18ஆம், 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா. லண்டனில் வேலை முடிந்து வந்து, மெஷின் இருக்கத்தக்கதாக அதை மூடி வைத்துவிட்டுக் கையால் தைப்பாள். தைத்ததை உடுத்துக்கொண்டு, இதே வருத்தம் உள்ள இன்னும் பத்துப்பேரோடு பூங்காவில் போய்ப் பாயில் இருந்து தேநீர் குடிப்பாள். படம் அனுப்பியிருந்தாள். அந்தப் பாவாடை அகலத்துக்கு எங்கள் ஓட்டோவில் ஏற்றவே முடியாது.

போன மார்கழி விடுமுறைக்கு வட்டக்கச்சிக்கு வந்தாள். லண்டனில் நத்தாருக்குப் பரிசு கொடுப்பது வழக்கம் என்பதால் நாங்களும் ஏதாவது கொடுக்கவேண்டும். அக்கா தொலைபேசியில் எச்சரித்தாள்: "கடையில உடுப்பு எடுத்துக் குடுத்திடாத, அவள் தொடமாட்டாள். பழசா ஏதும் கிடந்தாக் குடு."

இதை நான் வாசலில் நின்று கதைத்ததுதான் வினை. "லண்டன் பிள்ளைக்குப் பழைய துணி வேணுமாம்" என்று ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. பாவம், அங்கே என்ன கஷ்டமோ என்று ஒருவர் தோய்த்து மடித்த நைற்றி கொண்டுவந்து தந்தார். இன்னொருவர் மகனின் பள்ளிக்கூட வெள்ளைக் காற்சட்டையைக் கொடுத்துவிட்டு, "பொத்தான் ஒண்டு இல்லை, குறை நினைக்காதேங்கோ" என்றார்.

சித்தப்பாதான் உருப்படியாக ஒன்று கொண்டுவந்தார். எழுபதுகளில் தைத்த மண்ணிற பெல்பொட்டம் காற்சட்டை. கொழும்பில் மாமி வீட்டு அலுமாரியில் கிடந்தபடியால் அது இடப்பெயர்வு எதையும் காணவில்லை. நாங்கள் எல்லோரும் அதன் கீழ்விளிம்பைப் பார்த்துச் சிரித்தோம். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் நாட்டில் துணிக்கே தட்டுப்பாடு. சித்தப்பாவின் கணுக்காலில் மட்டும் அவ்வளவு தாராளம்! அவளோ சிரிக்காமல் உடனே உட்பக்கத்தைப் புரட்டினாள். பின்பக்கத் தையலில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டு, ஓரத்தைக் கையால் சுற்றித் தைத்திருந்தது. ஆள் கொழுத்தால் பிரித்துப் பெருப்பிக்க விட்ட துணியாம். ஒருதரம் பெருப்பித்த பழைய தையல் துளைகளும் தெரிந்தன. "இது உங்கட கலியாணத்துக்குப் பிறகுதானே?" என்று கேட்டாள். சித்தப்பா பதில் சொல்லாமல் சின்னம்மாவைப் பார்த்தார்.

சேலை கேட்டிருந்தால் சுலபம் என்று நினைப்பீர்கள். வன்னியில் பழைய சேலை என்பது அபூர்வப் பொருள். 2009இல் பதுங்குகுழிக்கு மண்மூட்டை தைக்க எங்கள் நல்ல சேலைகள் எல்லாம் போய்விட்டன. அம்மாவின் கூறையும் மாத்தளன் பக்கம் எங்கோ மண்ணோடு கிடக்கிறது. "பட்டுத் தாங்கினது, நைலெக்ஸ்தான் மண் போட்ட உடன பிஞ்சது" என்று அம்மா இன்றைக்கும் தரம் பிரித்துச் சொல்வார். அக்காவின் மகளின் முகம் மாறிவிட்டது. அம்மா அதைக் கவனிக்காமல் சோறு போடப் போய்விட்டார்.

சரி, கோர்செட்டுக்கு வருவோம்.

அந்தக் கால ஐரோப்பியப் பெண்கள் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய உள்ளுடுப்பு அது. 1880களின் பாணியில் தைத்த ஒன்றை முடிப்பு வேலைக்காகக் கொண்டுவந்திருந்தாள். தடித்த பருத்தித் துணி. வரிசை வரிசையாகக் குழாய்த் தையல். ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய எஃகுப் பட்டி. முந்திய காலத்தில் அந்த இடத்தில் திமிங்கிலத்தின் வாய்க்குள் சீப்புப் பல்லாக நிற்கும் தகட்டை வெட்டிச் செருகினார்களாம். முன்பக்கம் கொக்கி, பின்பக்கம் கயிறு. பட்டிகள் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வராமல் நுனிகளில் சிவப்பு நூலால் குறுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

கேலி பண்ணுவோம் என்று தெரிந்தோ என்னவோ, முதலே விளக்கம் தந்தாள். மயங்கி விழும்வரைக்கும் இறுக்கிக் கட்டினார்கள் என்பது பெரும்பாலும் கட்டுக்கதையாம். வேலைக்குப் போன பெண்களும் இதைக் கட்டிக்கொண்டுதான் போனார்களாம். அடுக்கடுக்கான பாவாடைகளின் பாரத்தை இது தாங்கும், முதுகையும் நிமிர்த்தி வைத்திருக்குமாம்.

அம்மாவின் காதில் முதுகு என்பது மட்டும்தான் விழுந்தது. "அப்ப நாரிக்கு நல்லம் எண்டு சொல்லன் பிள்ளை!"

அம்மாவின் நாரிநோவுக்கு, அதாவது இடுப்பு வலிக்கு, பார்மசியில் வாங்கிய பெல்ட் ஒட்டாமல் போய் எத்தனையோ காலம். "அம்மம்மா, இது மருந்துச் சாமான் இல்லை" என்று அவள் சொல்லி முடிக்கமுதல் சட்டைக்கு மேலாலே போட்டு முன்கொக்கியைப் பூட்டியாயிற்று. எனக்குக் கயிறு இழுக்கும் வேலை. கயிறைக் கூட்டிக் குறைத்து அளவை ஓரளவுக்கு மாற்றலாம் என்பதால் அம்மாவுக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. அதற்கு மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிவரை நடந்துபோய் வந்தார். நிமிர்ந்த நடை. அம்மா எங்கள் எல்லோரையும்விட உயரம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னேரம் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து, "இதென்ன, ஆசுபத்திரியில குடுத்ததோ?" என்று தட்டிப் பார்த்தார். டங் என்று கேட்டது.

இப்படியிருக்க, பரிசு விடயம் அப்படியே நின்றது. கடைசியில் நான் அவளிடமே கேட்டுவிட்டேன். "சாயவேர் கிடைக்குமா?" என்றாள்.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் உயிரைவிட்ட பூப்போட்ட சீத்தை, சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து போன துணி. அதன் சிவப்பு இந்த வேரிலிருந்து வந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணப் பக்கமும் ஒல்லாந்தர் ஆள்வைத்துக் கிண்டி எடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1721இல் அந்தத் துணியை உடுப்பதையே தடைசெய்து, 1774இல்தான் தடையை எடுத்தார்களாம். அதற்கும் முன்னம், 1719இல், தொழில் போன ஆத்திரத்தில் லண்டன் நெசவாளர்கள் தெருவில் சீத்தை உடுத்த பெண்களை மறித்து உடுப்பைக் கிழித்தார்களாம். அம்மா இதைக் கேட்டு, "நெய்யுறவன் துணியைக் கிழிப்பானே?" என்று வெகுநேரம் கவலைப்பட்டார்.

கிளிநொச்சிச் சந்தையில் சாயவேர் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நாட்டுமருந்துக் கடையில் இம்பூறல் என்று கேட்டதும், "இருமலோ அண்ணை?" என்று பேப்பரில் சுற்றித் தந்தார்கள். வெளியே மழையில் நின்றவள் முகர்ந்து பார்த்துவிட்டுத் துள்ளினாள். அப்புறம் கடுக்காய், படிகாரம், எருமைப்பால் என்று பட்டியல் நீண்டது. சாயம் பிடிக்கவைக்க அந்தக் காலத்தில் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறப்போடுவார்களாம். எருமைப்பால் வாங்கப் போன இடத்தில், "கடுக்காயும் வாங்கியிருக்கிறியள், பிள்ளைக்கு வயிறு சரியில்லையோ?" என்று விசாரித்து, கூடவே ஒரு போத்தல் ஓமத்தண்ணியும் தந்துவிட்டார்கள்.

மாரி மழைக்குள் துணி எங்கே காய்வது! விறாந்தையில் கொடி கட்டிப் போட்டதில் வீடு முழுக்கப் பால் புளித்த மணம். ஒருவழியாக அடுப்பில் ஏற்றி அவித்து எடுத்தாள். சிவப்பு என்று சொல்ல மனம் வைத்தால் சிவப்பு. அவளுக்கு அது போதும். மிச்ச வேரையும் கடுக்காயையும் சித்தப்பாவின் பெல்பொட்டத்துக்குள் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தாள். என்னுடைய நல்ல அலுமினியச் சட்டி இப்போது சோற்றுக்கு உதவாது.

கோர்செட் திரும்பிப் போகவில்லை. போகிற அன்றைக்குக்கூட அம்மா அதைக் கழற்றவில்லை, அவளும் கேட்கவில்லை. போனகிழமை வீடியோவில் கதைத்தபோது அம்மா குறுக்கே வந்தார்: "பிள்ளை, பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் ஒண்டு தைச்சு அனுப்பன். திமிங்கிலம் வேண்டாம், ஆச்சி சைவம்."

இடுப்பளவு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அளவு நாடாவோடு போனால் ஆச்சி தரமாட்டேன் என்கிறார். அரிவு வெட்டு முடிந்தால் உடம்பு இளைத்துவிடுமாம், பிறகு வரட்டாம்.